தகுந்த உடையில் வரவும்

கடிதத்தில் ஐந்து வரி.
திகதி, நேரம், ஸ்ரான்லி வீதி விலாசம்,
அடையாள அட்டையின் மூலப்பிரதி.
கடைசியில்: தகுந்த உடையில் வரவும்.
மற்ற நாலையும் ஒருதரம்தான் வாசித்தேன்.

அலுமாரியைக் கட்டிலில் கொட்டியாயிற்று.
பச்சைச் சுரிதார்,
மச்சாளின் கலியாணத்துக்குத் தைத்தது,
கமக்கட்டில் தையல் விட்டிருக்கிறது.
கையைத் தூக்காமல் ஒரு நாளை ஓட்டலாம்,
ஆனால் மேசைக்கு மேலால் கோவையை நீட்டச் சொன்னால்?

கறுப்புப் பாவாடை, வெள்ளைச் சட்டை,
கஸ்தூரியார் வீதியில் விலை பேசி எடுத்தது.
"ஹோட்டல்ல தண்ணி வைக்கிற அக்கா மாதிரி"
என்கிறாள் அன்சலா.
பத்து வயது. சொன்னதைத் திருப்பி எடுக்கத் தெரியாது.

எமல்டா அக்கா கொட்டன் சீலை ஒன்று தந்தா,
மண்ணிறக் கரை, ரீச்சர்மார் உடுக்கிறது.
"மடிப்பைக் குலைச்சுப் போடாத,
ஞாயிறு பூசைக்கு வேணும்."
இரவல் சீலையை நம்பி
இடுப்புக் கந்தையை எறிந்தவளின் கதை
எனக்குத் தெரியாதா.

உண்மையில், அந்த வேலைக்கு
என்ன உடுப்பார்கள் என்றும் எனக்குத் தெரியும்.
செவ்வாய்க்கிழமை பத்தே காலுக்கு
பாசையூர் ஒழுங்கைக்குள் ஸ்கூட்டிச் சத்தம்.
மறூன் சீலை, தோளில் கம்பனி ஊசி,
கக்கத்துக்குள் நீலக் கொப்பி.
அந்தச் சத்தம் கேட்டதும்
குழுவில் கையெழுத்து வைத்த நாங்கள் ஏழு பேரும்
ஒரே நேரத்தில் வீட்டில் இல்லாமல் போவோம்.

நான் கக்கூசுக்குப் பின்னால்,
தோள் கிழிந்த மஞ்சள் நைற்றியோடு,
தகரத்து ஓட்டையால் அவளைப் பார்ப்பேன்.
முகத்தை அல்ல, முந்தானையை.
எத்தனை மடிப்பு, எங்கே ஊசி,
இந்தப் புழுதிக்குள் அந்தக் கரை எப்படி
அழுக்காகாமல் வந்து போகிறது.
ஒருநாள் எங்கள் படியில் குந்தி
செருப்பைக் கழற்றினாள்.
குதிக்காலில் பிளாஸ்ரர், விளிம்பெல்லாம் கறுத்து.
அதற்குப் பிறகு அவளை
முழுதாகத் திட்ட முடியவில்லை.

இது வேறு கம்பனி. பெயர் வேறு,
சீலையும் கரும்பச்சை என்று கேள்வி.
ஒழுங்கைகள் அதேதான்.

எழுபத்தையாயிரம்.
தையல் மெசினுக்கு என்று எழுதி எடுத்தது.
மெசின் வந்தது, அதில் பொய்யில்லை.
மிச்சத்தில் அவருக்கு வலை.
அதிலும் மிச்சத்தில்,
இதை எமல்டா அக்காவுக்கும் சொன்னதில்லை,
எனக்கு ஒரு சீலை.
சாம்பல் நீலம்.
மழைக்கு முன்னால் பண்ணைப் பாலத்தடியில்
தண்ணி எடுக்கிற நிறம்.
மூன்று வருசமாய்க் கடைப் பைக்குள்ளேயே கிடந்தது.
எங்கே உடுத்திக்கொண்டு போக?
இன்னும் பதினொரு தவணை நிற்கிறது.
எந்தப் பதினொன்று என்று யாரும் கேட்டால்
வலை கட்டியாயிற்று, மெசின் கட்டியாயிற்று,
மிச்சம் இதுதான் என்பேன்.
யாரும் கேட்கவில்லை.

விடிய ஐந்துக்கு மினுக்கினேன்.
மூன்று வருச மடிப்பு, இலேசில் போகவில்லை.
கொசுவத்துக்கு ஒரு ஊசி, தோளுக்கு ஒன்று,
பயத்துக்கு இன்னொன்று.
எங்கள் கண்ணாடி நெஞ்சு மட்டும்தான் காட்டும்,
கீழே என்ன நடக்கிறதென்று அதற்குத் தெரியாது.
அதனால் வெளியே இறங்கி
ஒழுங்கை முடக்கு வரைக்கும் நடந்து பார்த்தேன்.
கால் தடுக்கவில்லை.
பக்கத்து வீட்டு நாய் என்னைத் தெரியாத மாதிரி
எழும்பி நின்று குரைத்தது.

திரும்பி வந்தால்
கடற்காற்று கதவைச் சாத்திவிட்டிருந்தது.
கொளுக்கி உள்ளே விழுந்து கிடக்கிறது.
விரல் முட்டியால் இரண்டு தரம் தட்டினேன்.
அவள் தட்டுகிற மாதிரி என்று
தட்டின பிறகுதான் விளங்கியது.

உள்ளே பாய் அசைந்தது.
சன்னல் சீலையின் நுனி ஒரு விரலளவு விலகி
உடனே விழுந்தது.
பிறகு அன்சலாவின் குரல்,
நித்திரை கலையாமல், ஒரு சொல் பிசகாமல்:

"அம்மா இல்ல. குருநகருக்குப் போட்டா.
வாற செவ்வாய் வாங்கோ."

சீலை சரிதான்.
எமல்டா அக்காவினதை
மடிப்புக் குலையாமல் திருப்பிக் கொடுக்கலாம்.